மூன்று உள்பாவாடை

தமயந்தியைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும், "இவ்வளவு மெலிசா இருக்கே, இந்தப் புள்ள எப்புடி மலையேறிப் பால் வெட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆறு வருடமாகப் பால் வெட்டுகிறவள் அவள். ஆனாலும் மூன்றாவது ஆட்கள் வந்த அன்று அம்மா விடவில்லை. சேலைக்குள் மூன்று உள்பாவாடைகளை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

தமயந்தி குனிந்த தலையோடு தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை யோகநாதன் தோட்டத்துக்கு ரப்பர் ஷீட் ஏற்ற வரும் லொறியில் வேலை செய்பவன். அவளைப் பார்த்ததும் விழித்தான். பக்கத்திலிருந்த சித்தியிடம் அவன் கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"நான் கேட்டது இவுங்கள இல்ல சித்தி. வாளி தூக்கிட்டு வருமே, கொடி மாதிரி ஒரு புள்ள. இவுங்க அந்தப் புள்ளயோட அக்காவா இருக்கும்."

"எங்களுக்கு இவ ஒத்தப் புள்ளதாங்க," என்று அம்மா பதறினாள்.

சித்தி சிரித்தாள். "கொடிய வச்சு என்னடா செய்யப் போற? புள்ள நல்லா திடமா இருக்கு. எனக்குப் புடிச்சிருக்கு."

இத்தனை நாள் எதற்காகக் கூசினாளோ அதையே ஒருவன் கேட்டு வந்திருக்கிறான். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தமயந்திக்குப் புரியவில்லை. இப்படியே நின்றால் அவன் வேண்டாம் என்பான். கூடுதலாகக் கட்டிய இரண்டு பாவாடைகளையும் அவிழ்த்துவிட்டு வந்தால் சித்தி எழுந்து போய்விடுவாள்.

"கொஞ்சம் இருங்க," என்று உள்ளே போனவள், வெகுநேரம் யோசித்து, ஒரு பாவாடையை மட்டும் அவிழ்த்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.