உடைக்கிற டீச்சர்

தையல் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஒடைக்கிற டீச்சர்’. புதுக் கிரேயான் பெட்டி வந்தால் போதும், பட் பட்டென்று ஒடித்துத் துண்டாக்கித்தான் பிள்ளைகளிடம் கொடுப்பார். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும், அதற்கெல்லாம் அசைந்து கொடுக்கிற ஆளா அவர்?

ஒருநாள் பட்டன் துளை மிஷினில் வேலை செய்கிறவள் மூக்குக்கு மேல் கோபத்தோடு வந்து நின்றாள். அவளுடைய நாலு வயது மகளுக்குக் கையில் வலு போதாது. கரண்டி நழுவும், பட்டன் போட வராது. சட்டைப் பட்டனைத் தானே போடாத பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கவலையில் இருந்தவளுக்கு, ஆசையாக வாங்கித் தந்த கிரேயான்கள் துண்டு துண்டாகக் கிடந்தால் பொறுக்குமா?

“புதுசுங்க டீச்சர்! இப்படியா போட்டு ஒடைப்பீங்க?”

“முழுசாக் குடுத்தா கரண்டி மாதிரி முஷ்டியில பிடிச்சு இழுக்கிறா. துண்டா இருந்தா விரல் நுனியாலதான் பிடிச்சாகணும். அந்தப் பிடி வந்தாத்தான்மா பட்டனும் போட வரும்.”

“நல்லாக் கதை விடுறீங்க!”

“கதையா இல்லையான்னு நீயே பாரு.”

அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தினமும் சுவரில் தாளை ஒட்டிக் கொடுத்தார். கையைத் தூக்கி வண்ணம் தீட்டினால் தோளுக்கும் வலு வருமாம். முதலில் வெறும் கிறுக்கல், தாள்கூடக் கிழிந்தது. பிறகு கோட்டுக்குள் அடங்கிய ஒரு பச்சை யானை வந்தது. “யானை எங்கயாவது பச்சையா இருக்குமா?” என்று சிரித்த ஆயாவுக்கு, “அவ யானை, அவ இஷ்டம். நீ உன் வேலையப் பாரு” என்று பதில் விழுந்தது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து அவசரமாக வந்த அம்மா, மகளுக்குப் பட்டன் போடக் குனிந்தாள். “நானே!” என்று கையைத் தட்டிவிட்டாள் குட்டி. நாக்கைத் துருத்திக்கொண்டு, முக்கி முனகி ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாம் ஒரு துளை தள்ளி, சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. துளை நூலளவு நகர்ந்தாலும் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிற அம்மா அதைத் தொடவே இல்லை.

“இப்படியே கூட்டிட்டுப் போறேன் டீச்சர். எல்லாரும் பாக்கட்டும்.”

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. வாசல்வரை கூடவே போனார்.

குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் அம்மா காப்பகத்துக்கு ஒரு புதுக் கிரேயான் பெட்டி கொண்டுவந்தாள். டீச்சர் வழக்கம்போல ஒடிக்க உட்கார்ந்து மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாமே ஏற்கெனவே துண்டு துண்டாக ஒடித்திருந்தது.