மழுங்காத கல்

சாலைக் கல் சோதிக்கும் ஆய்வகத்தில் அவருக்கு 'பாத்துப் போ' என்று பெயர். டீ கொண்டுவருகிறவர் முதல் மேலதிகாரி வரை, யார் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாலும் அவர் வாயிலிருந்து அது வந்துவிடும். வானம் கொஞ்சம் இருட்டிவிட்டால் ஒரு பிரசங்கமே நடக்கும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, பார்த்த வேலை அப்படி. சல்லிக் கற்களை வளைந்த அச்சில் நெருக்கமாக அடுக்கி, பிசின் ஊற்றி இறுக்கி, சக்கரத்தில் பூட்டுவார். அதன்மேல் ஒரு ரப்பர் டயர் எமரி என்னும் சாணைப் பொடியும் தண்ணீருமாகத் தேய்த்துக்கொண்டே ஓடும். பல வருடப் போக்குவரத்து கல்லுக்குச் செய்வதை அந்த இயந்திரம் சில மணி நேரத்தில் செய்துவிடும். பிறகு கல்லை நனைத்து, அடியில் ரப்பர் வைத்த ஊசலை அதன்மேல் உரசும்படி வீசுவார். கல்லுக்கு எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்று முள் காட்டும். சொரசொரப்பாக வந்த கல் வழவழப்பாகிப் போவதையே தினமும் பார்த்தவருக்கு, புதுச் சாலையைக் கண்டாலும் அது வழுக்கப்போகிற நாள்தான் கண்ணில் தெரிந்தது.

கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. பள்ளி நேரத்துக்குப் பேருந்து கிடையாது, ஸ்கூட்டரில்தான் போக வேண்டும். ஒரு தோழியின் வண்டியில் அவள் நன்றாகவே ஓட்டிப் பழகியிருந்தாள். மேட்டுக்கு ஏறும் சாலையும் அப்போதுதான் போட்டது. அதன் கல்லைச் சோதித்தவரே இவர்தான்.

"நீங்க பாஸ் பண்ண கல்லுதானே? அப்புறம் என்ன பயம்?"

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். எந்தக் கல்லும் மழுங்கிடும்மா. மழையில அந்தச் சரிவுல நீ விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?"

ஒற்றைக் காலில் நின்றார். அவள் சண்டை போட்டாள், அழுதாள், கடைசியில் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். முன்னறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தது. அவளோடு தேர்வான அதே தோழி இப்போது அங்கே தலைமை ஆசிரியை. மனிதரோ தன்னை அக்கறையான கணவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நினைத்துக்கொள்ளாத கணவன் எங்கே இருக்கிறான்?

ஓய்வு பெற இருந்த சமயத்தில், அந்த மேட்டுச் சாலையிலிருந்து வெட்டியெடுத்த வில்லைகள் ஆய்வகத்துக்கு வந்தன. சாலையைப் புதிதாகப் போட வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். உதவியாளர் பெண் ஊசலை வீசினாள்.

"சார், இத்தனை வருஷம் ஆகியும் அருமையா புடிக்குது. இந்த ரோட்டைத் தொடவே வேணாம்."

அவர் நம்பவில்லை. ரப்பரை மாற்றினார், இன்னும் தண்ணீர் ஊற்றினார், தானே வீசிப் பார்த்தார். முள் அங்கேயேதான் போய் நின்றது. எத்தனை மழைக்காலம்! அத்தனையிலும் அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்குமே இந்தச் சாலை. அநியாயமாக அவளை வீட்டில் உட்காரவைத்துவிட்டோமே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார். "அந்த மேட்டு ரோடு இன்னும் மழுங்கவே இல்லம்மா. நான் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அது எனக்குத் தெரியுமே. என் ஃப்ரெண்டு தினம் அதுல ஸ்கூட்டர்ல போய்ட்டு வந்துட்டுத்தானே இருக்கா."

அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வண்டி வாங்கித் தரேன். இப்பவாவது ஓட்டேன்."

கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள்.

"வாங்கித் தாங்க. எங்க போகணும்னும் நீங்களே சொல்லிடுங்க."