மகளுக்கு விழுந்த கோலுக்குக் கை தட்டினேன்

இன்று மகளின் பல்கலைக்கழக அணிக்கு ஃபுட்போல் மேட்ச். அவள்தான் கோல் கீப்பர்.

கோல் கம்பத்துக்குப் பின்னால், நிழல் பார்த்து உட்கார்ந்தேன். அது எதிரணி ஆதரவாளர்களின் பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. எழும்பிப் போக வெட்கம். பக்கத்துக் கதிரைப் பெண் வேறு சூடான சிப்ஸ் நீட்டினார். வாங்கித் தின்றேன்.

அவர்கள் கோல் அடித்தார்கள். எல்லாரும் எழும்பிக் கத்த, நானும் எழும்பிக் கை தட்டிவிட்டேன்.

வலைக்குள் கிடந்த பந்தை எடுக்கத் திரும்பிய மகள் என்னைப் பார்த்தாள்.

காரில், "பிள்ளை, அப்பா யோசிக்காமல் தட்டிப்போட்டன்," என்றேன்.

"இட்ஸ் ஓகே அப்பா. நீங்கள் எல்லா இடத்திலயும் இப்பிடித்தானே."

வீடு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

நாலு சிப்ஸுக்குச் செஞ்சோற்றுக் கடன் தீர்த்த தகப்பன்மார் வேறு யாரும் இருந்தால் கையைத் தூக்குங்கள். தட்ட வேண்டாம்.