ஜெனிற்றா அக்காவின் முகம்

ஜெனிற்றா அக்கா இறந்துவிட்டார். மூன்று நாள் காய்ச்சல்... அவ்வளவுதான்.

வேலணையில் ஒரு பிரிண்டிங் கடையில் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ், அஞ்சலி பேனர் எல்லாம் நாங்கள் இரண்டு பேரும்தான்.

வேலை இல்லாத நேரம் அக்கா படங்களைக் கணக்குப் போட்டு வளைப்பார். "படத்தில ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விலாசம் இருக்கெல்லே. நான் சைன் சூத்திரம் போட்டு விலாசத்தை மாத்திறன். நிறத்தில கை வைக்கிறேல்லை" என்பார். நான் கணிதத்தில் தட்டுத்தடுமாறிப் பாஸானவள், சும்மா தலையாட்டுவேன்.

ஒருமுறை ஊர்காவற்றுறைக் கரையை அப்படியே வட்டமாகச் சுற்றிவிட்டார். வள்ளங்கள், வலை, படுத்திருந்த நாய், எல்லாம் இதழ் இதழாக...

அவருடைய அப்பா கடற்றொழில் செய்கிறவர். கடைக்கு வந்து மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இதில என்ர வள்ளம் எங்க பிள்ளை?"

"எட்டு இடத்தில நிக்குது அப்பா. பத்தாதோ?"

முகம் வேண்டுமென்றால் தன் முகத்தைத்தான் வளைப்பார். மற்றவர்களுடையதைக் கோணலாக்கினால் கோவிப்பார்களாம். வளைத்ததை அதே பெயரிலேயே சேவ் பண்ணுவார். ஒரிஜினல் போய்விடும்.

ஏனக்கா என்று கேட்டேன். "பழசு கிடந்தா திரும்பிப் போகச் சொல்லும். வேண்டாம்."

நானாவது ஒரு கொப்பி எடுத்து வைத்திருக்கலாம்... வைக்கவில்லை.

இன்று காலை அக்காவின் அப்பா போன் எடுத்தார். "பிள்ளை, பேனருக்கு அவவின்ர படம் ஒண்டு தாரும். வீட்டில அடையாள அட்டைப் படம்தான் கிடக்கு, பள்ளிக்கூடச் சட்டையோட. அவவின்ர போனும் திறக்க ஏலாமக் கிடக்கு."

கடைக் கம்ப்யூட்டரில் அக்காவின் ஃபோல்டரைத் திறந்தேன். நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் அவர் முகம்தான், ஆனால் ஒன்றிலும் அவரைத் தெரியவில்லை.

எந்தப் படத்துக்கு எந்தச் சூத்திரம் என்றும் எழுதி வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த அளவில் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். பல இடங்களில் இரண்டு மூன்று புள்ளிகள் ஒரே விலாசத்தில் போய் விழுந்திருக்கின்றன. கடைசியாக விழுந்தது மட்டும்தான் மிச்சம். மற்றவை இல்லை.

மத்தியானம் வரை இருந்து ஒரு கண்ணும் வாய்க்குக் கீழே நாடியும் வந்தன. மற்ற இடமெல்லாம் கறுப்பு.

எத்தனை பேருடைய கிழிந்த படங்களை, பூஞ்சணம் பிடித்த படங்களை அக்கா திருத்திப் பேனர் அடித்துக் கொடுத்தார்... அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. அவர் மேல்தான் கோபம்.

யாரிடமாவது அவர் நிற்கிற படம் இருந்தால் தயவுசெய்து இன்பொக்ஸில் போடுங்கள். யார் போனைத் தூக்கினாலும் "தாரும், நான் எடுக்கிறன்" என்று வாங்கிவிடுகிற மனுஷி. கலியாண வீட்டுக் குரூப் போட்டோவில் ஓரமாக நின்றாலும் போதும்.

நாளை பின்னேரம் அடக்கம்.

ஐயா இப்போது திரும்பவும் எடுத்தார். "சரிவந்ததோ பிள்ளை?"

"ஓம் ஐயா... செய்துகொண்டிருக்கிறன்" என்றேன்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. என்னால ஏலேல்லை.