பஞ்சுக்கால் இரண்டு முறை ஓட்டிய வண்டி

கார் கம்பெனியின் சோதனைப் பிரிவில் அவரை எல்லோரும் பஞ்சுக்கால் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆக்சிலரேட்டரை அவர் மிதிப்பது, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவது மாதிரி இருக்கும். மற்ற டிரைவர்கள் ஓட்டினால் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் போகும் வண்டி, அவர் ஓட்டினால் பதினைந்தைத் தொட்டுவிட்டு வரும்.

அந்தக் கால்தான் இப்போது அவரைப் படாதபாடு படுத்தியது. இருபத்திரண்டு வருடமாகப் பெடலின் மேல் பட்டும் படாமலும் நின்ற கால். இடுப்பில் கிளம்பும் வலி கணுக்கால் வரை இறங்கிவிட்டுத்தான் ஓயும். வண்டியை விட்டு இறங்கியதும் முதல் பத்தடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். யாராவது பார்த்தால், சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்கிற மாதிரி நிற்பார்.

தினமும் நானூறு கிலோமீட்டர். கம்பெனி வாசலில் புறப்பட்டு, சிக்னல்கள் நிறைந்த கடைத்தெரு, புறவழிச்சாலை, மலைப்பாதை என்று சுற்றி மறுபடியும் அதே வாசல். காலையில் எந்தப் பம்பில் எந்த இடத்தில் நிறுத்தி டாங்கை நிரப்பினாரோ, மாலையிலும் அதே இடத்தில் நிறுத்தி நிரப்ப வேண்டும். குழாய் முதல் தடவை ‘டக்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே போன லிட்டரை வைத்துத்தான் கணக்கு.

அவர் மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்ட்டரில் வேலை. “நான் இருந்த இடத்துலயே இருந்துக்கிட்டு ஊர் ஊரா வழி சொல்றேன். நீங்க நானூறு கிலோமீட்டர் போயிட்டு வர்றீங்க, ஒரு ஊரையும் பார்த்த பாடில்ல” என்பாள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து படுப்பார். கட்டில் அவர் இடுப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான் அந்தச் சிவப்பு வண்டி வந்தது. ஆள் குட்டி, வேகம் பெரிது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வளைவில் தரையைக் கவ்விப் பிடிக்கும். நான்கு சக்கரத்தைச் சுழற்ற வேண்டுமே, தீனியும் அதற்கேற்ற மாதிரிதான். மைலேஜ் பதினைந்துக்குக் கீழே போனால் விளம்பரத்தில் அந்த எண்ணைப் போடவே முடியாது என்று விற்பனைப் பிரிவு கையை விரித்துவிட்டது. மேனேஜர் பஞ்சுக்காலைக் கூப்பிட்டு, இந்த ஒரு வண்டியை முடித்துக் கொடுத்தால் போதும், அதன் பிறகு ஓட்டவே வேண்டாம், பயணக் குறிப்புகளைச் சரிபார்க்கும் மேஜைக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். நாற்காலியும் மின்விசிறியும் காலை நீட்டிக்கொள்ள இடமும். பஞ்சுக்கால் அன்றைக்கே மனதுக்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

சாலைக்குப் போகுமுன் வண்டியை ஷெட்டில் உருளைகளின் மேல் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே இருந்த உருளை முன்சக்கரங்களுக்கு மட்டுமானது. அதனால் பின்சக்கரங்களுக்கு விசை போகாமலிருக்க மெக்கானிக் ஒரு சின்ன ஃப்யூஸைப் பிடுங்கி, சிவப்பு டேப் சுற்றிச் சாவிக்கொத்தில் கட்டித் தொங்கவிடுவார். சாவியை எடுக்கும் எவனும் அதைப் பார்க்காமல் போக முடியாது, பார்த்தால் திரும்பச் செருகிவிடுவான் என்பது ஏற்பாடு.

பஞ்சுக்காலுக்கோ வண்டியில் எந்தச் சுமையும் ஆகாது. ஓட்ட உட்காருமுன் தண்ணீர் பாட்டில், பழைய காகிதம், துடைக்கும் துணி என எல்லாவற்றையும் வழித்தெடுத்து ஷெட்டில் தன் அலமாரித் தட்டில் போட்டுவிடுவார். சாவியில் ஏதாவது தொங்கி முழங்காலில் தட்டினால் கால் நடுங்கும் என்பார். அன்று இடுப்பு வலியோடு குனிந்து நிமிர்ந்தவர், சாவியில் தொங்கியது என்னவென்று பார்க்காமலே கழற்றித் தட்டில் போட்டார். வெறும் சாவியைப் பார்த்த மெக்கானிக், அண்ணனே செருகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சோதனை வண்டியில் ஏதாவது ஒரு விளக்கு எரியாத நாளே கிடையாது.

பதினெட்டு நாள் ஓட்டினார். மூன்றாவது நாளே மலைப்பாதையில் ஏதோ குறைவதாகப் பட்டது. வளைவில் முதுகுக்குப் பின்னாலிருந்து வரவேண்டிய தள்ளல் வரவில்லை. தன் உடம்புதான் மரத்துப்போய்விட்டது என்று நினைத்தார். மரத்துப்போனால் நல்லதுதானே, வலியும் தெரியாதே என்றும் நினைத்தார். வலி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பதினைந்து புள்ளி மூன்று வந்தது. மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமையிலிருந்து மேஜை வேலை என்று கடிதமும் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மதியம், ஷெட்டை விட்டுப் போகிறோமே என்று தட்டைக் காலி செய்யும்போது, துடைக்கும் துணிக்கு அடியில் சிவப்பு டேப் சுற்றிய ஃப்யூஸ் கிடைத்தது.

பஞ்சுக்கால் அங்கிருந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு நாளும் வண்டி இரண்டு சக்கரத்தில் ஓடியிருக்கிறது. இப்போதே போய்ச் செருகிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. வெளியே சொன்னால் பதினெட்டு நாளும் மறுபடி முதலிலிருந்து.

வீட்டில் சொன்னபோது மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். “திரும்பவுமா? வலி வலின்னு உருண்டு என் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுத்தீங்களே, அது பத்தாதா? அந்தச் சனியனைத் தூக்கிச் சாக்கடையில போட்டுட்டுப் பேசாம இருங்க.”

அவள் சொன்னதில் தவறில்லை என்றுதான் அவருக்கும் தோன்றியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதையே தோன்றவைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த எண்ணை நம்பி எவனோ வண்டி வாங்குவான். பம்பில் நிற்கும்போதெல்லாம் தன் காலில்தான் கோளாறு என்று நினைப்பான். மூன்றாவது நாள் மலைப்பாதையில் இவர் தன் உடம்பைச் சந்தேகித்தது போலவே.

திங்கட்கிழமை புது மேஜைக்குப் போகாமல், மைலேஜ் கணக்குப் போடும் இன்ஜினியரம்மாவின் அறைக்குப் போய் ஃப்யூஸை மேஜையில் வைத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“விளக்கு எரிஞ்சிருக்குமே அண்ணா?”

“எரிஞ்சுது மேடம். அது எப்பதான் எரியல.”

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரியாது.”

“அப்புறம் ஏன் சொல்றீங்க?”

அவர் யோசித்தார். வாங்குகிறவனைப் பற்றிச் சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டார். “உக்காந்தா இதேதான் ஞாபகம் வரும் போல மேடம்” என்றார். அதுவும் முழுப் பதிலாக இல்லை.

விஷயம் தெரிந்ததும் மேனேஜர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான்கு சக்கரமும் இழுத்தும் பதினைந்தை எட்ட வேண்டுமானால் இவரை விட்டால் வேறு கால் கிடையாது, மேஜைக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்றார். பஞ்சுக்காலின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ஃப்யூஸைச் செருகிவிட்டு, அவரையும் குனியவைத்துக் காட்டினார். வண்டி கிளம்பியது. மலைப்பாதையின் முதல் வளைவிலேயே பின்னாலிருந்து ஒரு கை தள்ளுவது போல முதுகில் இதமாக அழுத்தியது. உடம்பு மரத்துப்போகவில்லை. அதில் ஒரு நிமிடம் சந்தோஷம் இருந்தது. அடுத்த ஏற்றத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மாலையில் அதே பம்ப், அதே இடம், முதல் ‘டக்’. பதினான்கு புள்ளி நான்கு.

“எவ்வளவுண்ணே?” என்று மெக்கானிக் வாசலிலேயே நின்று கேட்டார். எண்ணைக் கேட்டதும் முகம் தொங்கிவிட்டது. “கொஞ்சம் பார்த்து மிதிச்சிருக்கலாமில்ல?”

“பார்த்துதான்டா மிதிச்சேன். அது அவ்வளவு சாப்பிடுற வண்டி” என்றார் பஞ்சுக்கால். இன்னும் பதினேழு நாள் இருந்தது. கதவைத் திறந்து காலை வெளியே தொங்கவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.