மன்னாரில் மடித்து வைத்த ஆறாம் இலக்கச் சட்டை

மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றவென்று நெளுக்குளத்தில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு, அங்கிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரின் இரண்டு கைகளிலும் கிரீஸ் என்பதால் அலைவரிசையை மாற்ற ஆளில்லை. இல்லாவிட்டால் யாரும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். பிரேசில்காரர் ஒருவரின் கதையைப் போட்டிருந்தார்கள். அவர் பெயர் திரையின் அடியில் ஓடியது. மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்ததால் என்னால் வாசிக்க முடியவில்லை.

ஆங்கில வர்ணனையில் பாதி விளங்கியது. அந்த மனிதர் முதலில் முன்வரிசையில் ஆடியிருக்கிறார். வேறொரு கழகத்துக்குப் போனபோது நடுவில் விட்டார்கள். அடுத்த கழகத்தில் பின்வரிசை. ஒருமுறை பந்துக்காப்பாளர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, கையுறையை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்கு நடுவிலும் நின்றிருக்கிறார். ஏழெட்டு நிறச் சட்டைகளில் அவர் படங்களைக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் ஓரத்தில்தான் நின்றார். முப்பது தாண்டி, புல்லில் இனி இவருக்கு வேலையில்லை என்றானபின் கடற்கரை உதைபந்தாட்டத்துக்கு வந்திருக்கிறார். மணலில் இறங்கியதும் ஆள் நட்சத்திரமாகிவிட்டார். தலையில் மயிர் கொட்டிய வயதில், அந்தரத்தில் மல்லாந்து பந்தை அடித்தார்.

"இந்த ஆள் எங்க விட்டாலும் விளையாடுமாம் அண்ணை" என்றார் கடைக்காரர். எங்கே விட்டாலும் விளையாடும் ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும் என்பதால், எண்ணெய் என்ன விலை என்று கேட்டேன்.

பழைய எஞ்சின் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. அந்த மணம் எனக்கு என் முதல் வேலையின் மணம். போர் முடிந்து மீள்குடியேறிய கையோடு, முல்லைத்தீவுக் கரையில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராகப் போய்ச் சேர்ந்தேன். அலுவலகம் என்றால் தகரம் போட்ட ஒற்றை அறை. பாதியில் என் மேசை, மறுபாதியில் திருத்தத்துக்கு வந்த, படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள். எந்தக் கடிதத்தை எழுதினாலும் அதில் எண்ணெய்க் கை ஒன்று பதிந்திருக்கும். நான் உருத்திரபுரத்து வயல்காரன் மகன். வாய்க்கால் தண்ணீரைத் தாண்டி வேறு தண்ணீரில் இறங்கியதில்லை. ஆனாலும் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், நானும் மறுக்கவில்லை. அந்தக் கரையின் விளையாட்டுக் கழகத்துக்கும் என்னையே செயலாளராக்கினார்கள். பந்தை உதைத்தால் என் செருப்புத்தான் தூரப் போகும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மைதானம் என்று ஒன்று இருக்கவில்லை. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் கரையில் ஒரு துண்டை மட்டும் துப்புரவாக்கிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு பக்கம் மண்டையோட்டுப் பலகையும் சிவப்பு நாடாவும், மறுபக்கம் கடல். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே பயம். அந்தத் துண்டில் பக்கத்துக்கு ஐந்து பேருக்கு மேல் நிற்க இடமில்லை. பந்து நாடாவைத் தாண்டினால் யாரும் எடுக்கப் போகக்கூடாது, அடித்தவன் அன்றைக்கு வெளியே. இது பெடியள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். அதனால் நீளமாக அடிக்கிற பழக்கமே இல்லாமல் போனது. பொலபொலத்த மணலில் பந்து உருளாது. காற்பெருவிரலால் கிள்ளித் தூக்கி, நெஞ்சில் வாங்கி, நிலத்தில் விழவிடாமல் அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். உலகத்தில் இப்படியொரு ஆட்டம் பெயரோடும் விதிகளோடும் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஆட்டத்தில் யூட் அண்ணைக்கு நிகராக ஒருவரும் இல்லை. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். கரைவலை இழுக்கிற மனிதர். குதிக்காலை மணலில் ஊன்றி இழுத்து இழுத்து, முழங்காலுக்குக் கீழே கால் உரல்போல இறுகியிருக்கும். ஊரில் பெரிய மைதானத்துக்குப் போய் விளையாடும் பதினொருவர் அணி ஒன்றும் இருந்தது. அதில் அவர் ஆடாத இடமில்லை. பின்வரிசையில் பக் நிற்பவன் கட்டாருக்குப் போனால் பக் நிற்பார். கோல் காக்கிற கோலிக்குக் காய்ச்சல் என்றால் கோலி.

"யூட் அண்ணை, உங்கட இடம் எது?" என்று ஒருநாள் படிவம் நிரப்பும்போது கேட்டேன்.

"ஆர் இல்லையோ, அவன்ர இடம்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் பதினொரு சட்டைகள் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவன் பெயர் அடித்திருந்தது. யூட் அண்ணைக்குச் சட்டை இல்லை. வராதவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படுத்தவன் எழும்பி, அரைவாசி ஆட்டத்தில் ஓடிவருவான். உடனே யூட் அண்ணை கோட்டுக்கு வெளியே வந்து, சட்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, சாரத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். மிச்ச ஆட்டத்தை நின்று பார்க்கவும் மாட்டார். யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்ததில்லை. செயலாளராகிய நானும் எடுக்கவில்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அந்த நாளில்தான் மாகாணத்துக்குக் கடற்கரை உதைபந்தாட்ட அணி ஒன்று தெரிவு செய்யப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. தெரிவு மன்னாரில். கூடவே பன்னிரண்டு பக்கத்தில் ஆங்கில விதிமுறைகள். ஐந்து பேர், வெறுங்கால், மணல். வாசித்துச் சொன்னபோது பெடியள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யூட் அண்ணை அன்று பின்னேரம் தனியாக அலுவலகத்துக்கு வந்தார். எஞ்சின் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"தம்பி, இதுக்கு என்ர பேரைப் போடுவியே? ஆருக்கும் பதிலா இல்லை. என்ர பேரிலயே."

முதல் பெயராகப் போட்டேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் எழுதினேன்.

விதிகளை மொழிபெயர்த்து விளங்கப்படுத்தும் பொறுப்பு எனக்கு. மூன்று பின்னேரம் அவர்களை மணலில் இருத்திப் பேராசிரியர்போல விரிவுரை நடத்தினேன். பந்தின் எடை, கோட்டின் நீளம் எல்லாம் சொன்னேன். ஆள் மாற்றுவது பற்றிய பந்தி வந்தபோது, இது தெரிந்த விஷயம்தானே என்று தாண்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பந்தியில் இரண்டு சொற்கள் எனக்கு விளங்கவில்லை. அகராதி பார்க்கப் பஞ்சிப்பட்டேன்.

மன்னாரில் எங்களுக்குப் புதுச் சட்டைகள் தந்தார்கள். பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். யூட் அண்ணைக்கு ஆறு. அதைப் போட்டுவிட்டு முதுகை என் பக்கம் திருப்பி, "வடிவாத் தெரியுதே?" என்று கேட்டார். எல்லாருடைய கைபேசிகளும் என் பையில். வவுனியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவரைப் பயிற்றுநராக விட்டிருந்தார்கள். அவரை அன்றுதான் கண்டோம். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் யூட் அண்ணை ஒரு கோல் அடித்தார், ஒன்றைக் கோட்டில் நின்று தடுத்தார். தெரிவாளர்கள் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

பயிற்றுநர் கையைத் தட்டி, "யூட், வெளியில வாரும்!" என்றார்.

யூட் அண்ணை வந்தார். இன்னொருவன் உள்ளே ஓடினான். நான் ஆட்டத்தில் கண்ணாக இருந்தேன். அவர் சட்டையைக் கழற்றியதையும் மடித்ததையும் நான் காணவில்லை. மூன்று நிமிடம் கழித்துப் பயிற்றுநர் திரும்பி, "மூச்சு வாங்கினது காணும், யூட்டைத் திரும்ப இறக்கும்" என்றார். கதிரையில் ஆறாம் இலக்கச் சட்டை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மணலைக்கூடத் தட்டிவிட்டிருந்தார்.

"என்ன தம்பி, இதில எத்தினை தரமும் வெளிய வந்து உள்ள போகலாமெல்லோ? நீர் சொல்லிக் குடுக்கேல்லையே?" என்று பயிற்றுநர் கேட்டார். நான் றோட்டுக்கு ஓடினேன். அவர் ஏறிப்போன வவுனியா பஸ்ஸின் புழுதிதான் இருந்தது. கூப்பிட்டுப் பார்க்கலாமென்றால் அவருடைய போன் என் பையில் கிடந்தது. ஆட்டத்தின் நடுவில் மைதானத்தை விட்டுப் போனவர் என்று தெரிவாளர்கள் பெயரை வெட்டினார்கள்.

மறுநாள் போனைக் கொடுக்கப் போனேன். சொல்வதற்கு வழி முழுவதும் வசனம் தயார் பண்ணினேன். அவர் வலையை உதறிக்கொண்டே, "பறவாயில்லைத் தம்பி, என்னை விடக் கெட்டிக்காரப் பெடியள் இருக்கிறாங்கள்தானே" என்றார். நான் உண்மையைச் சொல்லாமல் "ஓம் அண்ணை" என்றேன். பன்னிரண்டு வருடமாக அந்த 'ஓம்' அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு அவர் பந்தைத் தொடவில்லை. எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது. நான் கோழை என்பதை வேறு எந்த அலுவலிலும் அவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

கடையில் எண்ணெய் மாற்றி முடித்தார்கள். அடுத்த ஞாயிறு அந்த மோட்டார் சைக்கிளிலேயே கரைக்குப் போனேன். நாங்கள் விளையாடிய துண்டைக் கடல் பெரும்பாலும் எடுத்துவிட்டது. சங்கத்துக்குக் கல் கட்டிடம் வந்திருக்கிறது. கழகம் இல்லை. அந்த மாகாணத் தெரிவையும் பிறகு யாரும் வைக்கவில்லை.

யூட் அண்ணை முற்றத்தில் தன் முச்சக்கர வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்காததால் நின்றபடியே குனிந்து கழுவினார். உட்காரச் சொல்லுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பந்தியைத் தாண்டியதையும், அகராதி பார்க்காததையும் கூட. திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"அப்ப என்னை அந்தக் கோச் வெட்டேல்லையே?"

"இல்லை அண்ணை. மூச்சு வாங்கத்தான் கூப்பிட்டவர். திரும்ப இறக்கத் தேடினவர்."

அவர் முகம் மலர்ந்த விதத்தை என்னால் தாங்க முடியவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "எடியே, இஞ்ச வா! என்னை வெட்டேல்லையாமடி!" என்று கத்தினார். மனைவி கையைத் துடைத்தபடி வந்தார்.

"எதில வெட்டேல்லை?"

"மன்னார் மட்ச்சில!"

"எந்த மன்னார் மட்ச்?" என்று கேட்டார் அவர். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இவ்வளவு காலமும் யூட் அண்ணை வீட்டிலும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை.

விளங்கப்படுத்தத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். அடுப்பில் ஏதோ கருகும் மணம் வர மனைவி உள்ளே போனார். யூட் அண்ணை விரலை மடித்து அன்றைய பெடியளை எண்ணினார். இரண்டு பேர் பிரான்சில். ஒருவன் கனடா, ஒருவன் டோகா. ஒருவருடைய போன் எண்ணும் அவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. பயிற்றுநர் போன வருடம் காலமாகிவிட்டார் என்று நான்தான் சொன்னேன்.

"இதை இனி ஆருக்குத் தம்பி சொல்லுறது?" என்றார்.

கேட்பதற்கு நான் ஒருவன்தான் மிச்சம் இருந்தேன். எனக்கோ அது அன்றைக்கே தெரியும்.