திறக்காத டிக்கியும் சீர் கொண்டுவந்த மாமனும்

என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. வலங்கைமானுக்குப் பக்கத்தில் அவள் புகுந்த வீட்டாரின் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். போடுகிற தோடும் மாமன் சீராகத்தான் வர வேண்டும். அந்த மாமன் நான். தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாவற்றையும் காரின் டிக்கியில் அடுக்கியிருந்தேன். பின்சீட்டிலேயே வைக்கலாம் என்றாள் மனைவி. கூட்டத்துக்கு நடுவே டிக்கியைத் திறந்து எல்லோரையும் அசத்துவது என் திட்டம்.

கூட்டம் கூடியது. ரிமோட்டை அமுக்கினேன். கார் கம்மென்று நின்றது.

மறுபடி அமுக்கினேன். ரிமோட்டைத் தூக்கிப் பிடித்து அமுக்கினேன். தாடையில் வைத்து அமுக்கினால் சிக்னல் ஏறும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, அதையும் செய்தேன். பட்டு வேட்டி கட்டிய ஒருவன் தன் காரைப் பார்த்தபடி தாடையைச் சொறிவதைக் கோயில் வாசல் வேடிக்கை பார்த்தது.

டிக்கிக்குச் சாவித் துவாரம் கிடையாது. பின்சீட்டும் மடங்காது. இதையெல்லாம் வாங்கும்போது பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

தங்கையின் மாமியார் மெல்ல வந்தார். "தாய்மாமன் சீர் வந்துருச்சா, இல்ல சீர் ஏத்துன வண்டி மட்டும் வந்துருக்கா?"

"வந்துருச்சுங்க அத்தை. உள்ளதான் இருக்கு."

"உள்ள எங்க வீட்லயுந்தான் எவ்வளவோ இருக்கு."

காது குத்த வந்த ஆசாரி வானத்தைப் பார்த்தார். "ராகு காலத்துக்கு முன்னாடி முடிக்கணுங்க. சட்டுனு பாருங்க."

எனக்கு வியர்வை கொட்டியது. தங்கை முகத்தைப் பார்க்கவே தைரியமில்லை. கல்யாணமானதிலிருந்து அவள் அந்த வீட்டில் 'எங்க அண்ணன், எங்க அண்ணன்' என்று கட்டி வைத்திருந்த கோபுரம் ஒரு டிக்கிக் கதவில் ஆடிக்கொண்டிருந்தது. கடப்பாரை கிடைக்குமா என்று கேட்டேன். பின்கண்ணாடியை உடைக்கலாமா என்றும் கேட்டேன். மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், பதறிப்போய்த் தன் கார் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி என்னுடையதில் போட்டார். அதற்கும் அசையவில்லை.

அதுவரை நிழலில் நின்ற மனைவி வந்தாள்.

"முன்கதவைத் தெறந்து உள்ள இருக்குற லாக் பட்டனை அமுக்குங்க. எந்தக் கதவாவது டக்குனு சொல்லுதா?"

அமுக்கினேன். ஒரு கதவும் பேசவில்லை.

"ஒரு கதவு மட்டும் மக்கர் பண்ணா அந்தக் கதவுல கோளாறு. நாலு கதவும் டிக்கியும் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணாவா கெடும்? வீட்ல எல்லா ஃபேனும் நின்னா ஃபேனையா கழட்டுவீங்க?"

"ஃபியூஸா?"

"அதோ, அந்த மிஷின்ல லைட் எரியுதான்னு பாருங்க."

அந்த மிஷின் என்பது மருந்து அடிக்கும் பேட்டரி ஸ்ப்ரேயர். சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு. விசேஷம் முடிந்த கையோடு வயலுக்குப் போக வேண்டும். வீட்டிலோ காலையிலிருந்து கரண்ட் இல்லை. அதனால் நானே ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, கார் சாக்கெட்டில் சொருகி, வரும் வழியெல்லாம் சார்ஜ் ஏற்றினேன். மனைவி பட்டுப்புடவையோடு அதன் மேல் காலை வைத்துக்கொண்டு மன்னார்குடியிலிருந்து வந்தாள்.

லைட் எரியவில்லை.

"நீடாமங்கலத்துலயே அணைஞ்சுருச்சு," என்றேன். "ஃபுல் சார்ஜ் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"அரை மணி நேரத்துலயா? முதல்ல உங்க கைவேலையப் புடுங்குங்க."

பிடுங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி. தலைகீழாக உள்ளே நுழைந்தேன். கால் இரண்டும் வெளியே, வேட்டி எங்கே என்று எனக்குத் தெரியாது. கூட்டத்துக்குத் தெரிந்திருக்கும். மூடியிலிருந்த படத்தில் சாக்கெட்டுக்கும் பூட்டுக்கும் ஒரே ஃபியூஸ். விரலுக்கு வரவில்லை. ஆசாரி தன் சாமணத்தை, நகை வேலைக்கான சின்ன இடுக்கியை, நீட்டினார். பிடித்து இழுத்தேன். நீல பிளாஸ்டிக்குக்குள் கம்பி கருகி அறுந்திருந்தது.

மாற்று ஃபியூஸுக்கு வலங்கைமான் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் ராகு காலம் வந்துவிடும். "அதே நீலத்துல பெட்டில வேற எதுவும் இல்லியா? கலர் ஒண்ணுன்னா அளவும் ஒண்ணுதான்," என்றாள் மனைவி. இருந்தது. பக்கத்தில் ஹார்ன் படம். அதைப் பிடுங்கி இதில் சொருகினேன்.

பட்டனை அமுக்கினேன். டக். நாலு கதவும் ஒரே குரலில். நாதஸ்வரம்கூட எனக்கு அத்தனை இனிமையாகக் கேட்டதில்லை.

டிக்கி திறந்தது. நான் நினைத்ததைவிட நன்றாகவே கூட்டம் அசந்தது. அத்தனை நேரம் காக்க வைத்தால் வெறும் வாழைப்பழத்துக்குக்கூட அசந்திருப்பார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மருமகள் என் மடியில் உட்கார்ந்தாள். முதல் காதுக்கு அலறினாள். இரண்டாவதற்கு என் கையைக் கடித்தாள். ராகு காலத்துக்கு முன்பே தோடு ஏறியது.

மாமியார் தோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் சொன்னார்: "தோடு நல்லாத்தான் இருக்கு. உங்க அண்ணனுக்கு முதல்ல ஒரு டம்ளர் மோர் குடு, காருக்குள்ள தலைகீழா நின்ன மனுஷன்."

தங்கை சிரித்தாள். கோபுரம் ஆட்டம் நின்று நிமிர்ந்துவிட்டது.

திரும்பும்போது நீடாமங்கலத்துக்கு முன்னால் வாத்துக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. பழக்கத்தில் ஹார்னை அழுத்தினேன். சத்தமில்லை. மனைவி கண்ணாடியை இறக்கினாள். ஸ்ப்ரேயர் மேல் ஒரு காலை ஊன்றி, தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்:

"வழி விடுங்க! தாய்மாமன் வர்றாரு!"

வாத்துகள் ஒதுங்கின.